பினெய் மெனாஷே மக்கள் பேரப்பிள்ளை விதியில் போவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மணிப்பூர், மிசோரம் மாநிலங்களில் வாழும், தங்களை யூத மரபினர் என்று கருதும் பினெய் மெனாஷே மக்கள் இஸ்ரேலில் குடியேறுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் யாரும் அதிகம் தொடாத விஷயம் இது. எடுத்து எழுதியதற்கு நன்றி. ஆனால் தாத்தா பாட்டிகளில் ஒருவர் யூதராக இருந்தாலே போதும் என்ற சட்டத்தின்படி இவர்கள் குடியுரிமை பெறுகிறார்கள் என்று அதில் சொல்லியிருப்பது தவறு. இதைச் சிறு பிழை என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த மக்கள் படும் பாடெல்லாம் அந்தச் சட்டம் அவர்களுக்குக் கைகொடுக்காததால் வருவதுதான்.

இஸ்ரேலின் தாயகம் திரும்பும் சட்டம் 1950 ஜூலையில் நிறைவேறியது. 1970-ல் அதைத் திருத்தி, யூதரின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அவர்களை மணந்தவர்கள் எல்லோருக்கும் குடியேறும் உரிமையை விரித்தார்கள். யூதர் யார் என்பதற்கு அதே திருத்தம் தந்த வரையறையோ இறுக்கமானது: யூதத் தாய்க்குப் பிறந்திருக்க வேண்டும், அல்லது யூத சமயத்துக்கு முறைப்படி மாறியிருக்க வேண்டும், வேறு சமயத்தைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. சோவியத் நாடுகளிலிருந்து 1989-க்குப் பிறகு குடியேறிய பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் பல லட்சம் பேர் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறார்கள். வாக்களிக்கிறார்கள், வரி கட்டுகிறார்கள், ராணுவத்தில் இருக்கிறார்கள். ஆனால் ரப்பிகளின், அதாவது யூத சமயக் குருமார்களின், கணக்கில் யூதர் அல்லர். உள்நாட்டில் சமயம் சாராத பதிவுத் திருமணம் இல்லாததால், அவர்களில் பலர் சைப்ரஸ் போன்ற வெளிநாட்டுக்குப் போய்த்தான் மணம் முடித்துத் திரும்புகிறார்கள்.

பேரப்பிள்ளை விதியில் உரிமை கேட்பவர் காகிதம் காட்ட வேண்டும். பிறப்புப் பதிவு, பெற்றோரின் திருமண ஒப்பந்தம், பழைய அடையாள அட்டை என்று ஏதாவது ஒன்று. கி.மு. எட்டாம் நூற்றாண்டில் அசீரியர்கள் நாடுகடத்திய பழைய இஸ்ரேலியக் குலங்களில் ஒன்றான மனாசே கோத்திரத்தின் வழிவந்தவர்கள் தாங்கள் என்று நம்பும் மலைக்கிராமத்து மக்களிடம் எந்தக் காகிதம் இருக்கும்? அவர்களிடம் இருப்பது பாட்டும் சடங்கும் முன்னோர் சொல்லும்தான். 2005-ல் தலைமை ரப்பி ஷ்லோமோ அமார் அவர்களை இஸ்ரேலின் வழிவந்தவர்கள் என்று ஏற்றுக்கொண்டார். ஆனாலும் முறைப்படி மதம் மாறியே ஆக வேண்டும் என்றார். ரப்பி நீதிபதிகள் இந்தியாவுக்கே வந்து மதமாற்றம் செய்தபோது அதே ஆண்டு நம் அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. அந்த வேலை நின்றது. அதன் பிறகு இஸ்ரேல் அரசு அவ்வப்போது எடுக்கும் தனி முடிவுகளை நம்பியே குழுக்குழுவாகப் போகிறார்கள். போய் இறங்கி, தற்காலிக அனுமதியில் தங்கி, படித்து, ரப்பிகள் முன் தேர்ந்த பிறகே குடியுரிமை. எஞ்சியுள்ள சுமார் 5,800 பேரையும் 2030-க்குள் அழைத்துக்கொள்ள அந்நாட்டு அமைச்சரவை 2025 நவம்பரில் எடுத்ததும் அப்படிப்பட்ட ஒரு முடிவுதான். அமைச்சரவை கொடுத்ததை இன்னொரு அமைச்சரவை தள்ளிப்போட முடியும். சட்டம் கொடுத்த உரிமையை அவ்வளவு எளிதில் தள்ளிப்போட முடியாது.

மும்பையில் நெடுங்காலமாக வாழ்கிறேன். பெனே இஸ்ரேல் எனப்படும் இந்திய யூதக் குடும்பங்கள் பல எனக்குப் பழக்கம். கொங்கண் கிராமங்களில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்து, யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் 'சனிவார் தேலி' (சனிக்கிழமை எண்ணெய்க்காரர்) என்று பெயர் பெற்ற மக்கள் அவர்கள். மராத்தி பேசுகிறவர்கள். இஸ்ரேல் உருவான பிறகு ஆயிரக்கணக்கில் அங்கே போய் பீர்ஷெபா, டிமோனா, அஷ்டோத் போன்ற ஊர்களில் குடியேறினார்கள். குடியுரிமை கிடைத்தது. ஆனால் 1962-ல் தலைமை ரப்பி அலுவலகம், இவர்கள் மற்ற யூதர்களை மணக்க வேண்டுமானால் தாய்வழி முன்னோரைத் தலைமுறை தலைமுறையாக ஆராய வேண்டும் என்று உத்தரவிட்டது. அவர்கள் பணிந்து போகவில்லை. 1964 கோடையில் ஜெருசலேமில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஆகஸ்டில் நாடாளுமன்றம் கூடி, பெனே இஸ்ரேல் மக்கள் எல்லா வகையிலும் யூதர்களே என்று தீர்மானம் போட்டது. அதன் பிறகே அந்த உத்தரவிலிருந்து இவர்களுடைய பெயர் நீங்கியது. இந்தியாவிலிருந்து போனவர்கள் வாங்கித் தந்த இந்த வெற்றிக்கு உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தம்.

ரப்பிகளின் நியாயமும் எனக்குப் புரிகிறது. தாய்வழி மரபு நடுவில் அறாமல் வந்ததென்று உறுதியாகத் தெரியாதபோது, அவர்களுடைய சமயச் சட்டம் மதமாற்றத்தைக் கேட்கிறது. திருமணத்துக்கு அதை அவர்கள் கேட்கட்டும். ஆனால் ஒரு மக்களைத் தானே பெயர் சொல்லி அழைத்து வரும் அரசு, அவர்களுடைய குடியுரிமையையும் அந்தத் தேர்வுக்குப் பின்னால் வைப்பது அநியாயம். விமானம் இறங்கிய அன்றே அதைக் கொடுக்க வேண்டும். 2023 மே மாதம் மணிப்பூரில் வெடித்த வன்முறைக்குப் பிறகு இம்மக்களில் பலருக்குத் திரும்பிப் போக வீடே இல்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. 1948 போரில் அதே மண்ணிலிருந்து சுமார் ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் வெளியேறினார்கள், வெளியேற்றப்பட்டார்கள். வீட்டுச் சாவியையும் நிலப்பத்திரத்தையும் வைத்திருக்கும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குத் திரும்பும் உரிமை இல்லை. பினெய் மெனாஷே குடும்பங்களில் முதலில் போனவர்கள் பலரை இஸ்ரேல் ஆக்கிரமித்த காஸாவிலும் மேற்குக் கரையின் கிர்யாத் அர்பாவிலும் இருந்த யூதக் குடியிருப்புகளில்தான் வைத்தார்கள். அண்மைக் காலத்தில் வட இஸ்ரேலின் கலிலேயா பகுதி நகரங்களுக்கு அனுப்பப்படுவது எவ்வளவோ மேல்.

போகிறவர்கள் இங்கே எதை விடுகிறார்கள் என்பதும் கட்டுரையில் இல்லை. நம் நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இஸ்ரேல் குடியுரிமை பெற்ற பிறகு மிஞ்சுவது, விண்ணப்பித்துப் பெறும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை மட்டுமே. அதில் வாக்குரிமை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள். இயன்றால் மணிப்பூரின் சுராசாந்த்பூருக்கு ஒரு நிருபரை அனுப்பி, இஸ்ரேலுக்குப் போகிறவர்களின் பட்டியலில் பெயர் இருப்பவர்களையும் விடுபட்டவர்களையும் நேரில் சந்தித்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மாட்டுங்கா, மும்பை.