மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கவும்

சங்கரன்கோவில்
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். ஆச்சிக்கு மூட்டுவலி அப்படியேதான். மாத்திரையை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு போட்டுவிட்டேன் என்கிறாள். போன் பண்ணினால் மீட்டிங் என்பாய், அதனால் எழுதுகிறேன். ராத்திரி ஷிப்ட் முடிந்து தனியாக ஆட்டோவில் வராதே. கம்பெனி பஸ் எவ்வளவு தாமதமானாலும் இருந்து அதிலேயே வா.

தம்பிக்கு இன்ஜினியரிங் கவுன்சலிங் பதிவு முடிந்தது. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருவான். உன் காலத்தில் அது கிடையாது. இருந்தாலும் ஒரு கைக்காவலுக்குத் தனியார் காலேஜ் ஒன்றுக்கும் போட்டு வைப்போம் என்று நான்தான் சொன்னேன். எந்தக் காலேஜ் என்று எழுதி என்ன ஆகப்போகிறது? அவர்கள் ஃபார்மோடு மூன்று நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம்.

பெயரிலேயே தகராறு. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். நமக்கு ஏது கடைசிப் பெயர்? இனிஷியலைப் போட்டால் குறைந்தது மூன்று எழுத்து வேண்டும் என்று சிவப்பில் வருகிறது. சரி என்று அப்பா பெயரை முழுதாகப் போட்டோம். இப்போது ஆதாரில் ஒரு மாதிரி, மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி, இதில் ஒரு மாதிரி. போட்டோ 50 கேபிக்குள் இருக்க வேண்டுமாம். பிரவுசிங் சென்டர் பையன் சுருக்கிச் சுருக்கி, தம்பி முகம் தண்ணீரில் நனைந்த அப்பளம் போல ஆகிவிட்டது. அதைவிட, ஒரு கட்டம் தப்பினால் மொத்தப் பக்கமும் காலியாகிவிடுகிறது! என் சத்துணவுப் பதிவேட்டில் ஒரு எண் தப்பினால் அதை மட்டும் அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவேன். அதற்காகப் பக்கத்தையே யாராவது கிழிப்பார்களா?

மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கவும் என்கிறது. பட்டியலில் தென்காசியே இல்லை. நம்மைத் திருநெல்வேலியிலிருந்து பிரித்தது 2019 நவம்பரில். பட்டியல் எழுதினவர் அதற்கு முன்னாலேயே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார் போல. திருநெல்வேலி என்று போட்டால், வருமானச் சான்றிதழில் தென்காசி என்று இருக்கிறதே, பின்னால் பிடித்துக்கொள்வார்களோ என்று தம்பி யோசிக்கிறான்.

தந்தையின் தொழில் என்று இன்னொரு பட்டியல். அரசுப் பணி, தனியார் பணி, வியாபாரம், விவசாயம், மற்றவை. அடுத்து தந்தையின் ஆண்டு வருமானம். பூஜ்யம் போட்டால் வாங்க மாட்டேன் என்கிறது. தம்பி என் முகத்தைப் பார்த்தான். மற்றவை என்று போடுடா, வருமானத்துக்கு என் சம்பளத்தைப் போடு என்றேன். தறி ஓட்டினார் என்று சொல்லவும் அதில் இடமில்லை, இப்போது இல்லை என்று சொல்லவும் இடமில்லை.

முதல் பட்டதாரியா என்று கேட்டது. இல்லை என்று அமுக்கும்போது மட்டும் எனக்கு நெஞ்சு நிறைந்தது. அந்தச் சான்றிதழை இந்த வீட்டுக்கு நீ வாங்கிவிட்டாய். இவன் அக்கா இன்ஜினியர், ஓசூரில் பெரிய கம்பெனி என்று பையனிடம் சொன்னேன். அப்ப அக்காகிட்டயே கேட்டா அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருவாங்களே என்றான்.

கேட்டிருக்கலாம்தான். அக்காதான் ஒன்றரை மாதமாக என்னிடம் பேசுவதில்லையே. மாதம் பிறந்தால் பணம் வருகிறது. பணம் கேட்டேனா நான்? ஆச்சியிடம் பேசுகிறாய், தம்பிக்கு மெசேஜ் போடுகிறாய். வேலை அதிகம் என்று அவன் சொல்கிறான். இருக்கும். தண்ணீர் நிறையக் குடி. ஆட்டோ விஷயம் சொன்னேன் அல்லவா?

ஒன்றரை மாதத்துக்கு முன்னால்தான் சான்றிதழ் தேடி மஞ்சள் பையைக் கட்டிலில் கொட்டினோம். அதிலிருந்து அந்தக் காலண்டர் தாள் விழுந்தது. நான் எடுப்பதற்குள் தம்பி எடுத்துவிட்டான். முன்னாலும் பின்னாலும் திருப்பிப் பார்த்தான். உனக்குப் போட்டோ எடுத்து அனுப்பினானா என்று நான் இதுவரை அவனிடம் கேட்கவில்லை.

2018-இல்தான் கவுன்சலிங் முதன்முதலாக ஆன்லைனுக்கு வந்தது. அதற்கு முந்தின வருஷம் வரைக்கும் பிள்ளைகள் ரயிலேறி அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போய், நேரில் உட்கார்ந்து, இந்தக் காலேஜ் வேண்டும் என்று தங்கள் வாயால் சொன்னார்கள். அப்படி இருந்திருந்தால் நீயும் சொல்லியிருப்பாய். உனக்கு அன்றைக்குக் காய்ச்சல். காலேஜ் வரிசையை அந்தக் காலண்டர் தாளில் நீல மையில் எழுதி, ஓரத்தில் பாஸ்வேர்டையும் எழுதிக் கொடுத்து அனுப்பினாய். முதலில் கிண்டி, அடுத்தது குரோம்பேட்டை, அப்புறம் கோயம்புத்தூர். வீட்டிலிருந்து போய் வருகிற தூரத்துக் காலேஜ் பதினான்காவது.

பஸ் ஸ்டாண்ட் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பதிவேட்டுக்கு வைத்திருந்த சிவப்புப் பேனாவால் உன் எண்களுக்குப் பக்கத்தில் என் எண்களைப் போட்டேன். பதினான்கை ஒன்றாக்கினேன். கிண்டி கடைசி. பையன் நான் சொன்ன வரிசையில் ஏற்றினான். லாக் பண்ணினால் மாற்ற முடியாது, பண்ணட்டுமா அக்கா என்று கேட்டான். பண்ணு என்றேன்.

வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டர் வரிசையை மாற்றிவிட்டது, அதற்குள் லாக் ஆகிவிட்டது என்றேன். இந்த வெப்சைட்டைச் செஞ்சவன் வெளங்கவே மாட்டான் என்று போர்வைக்குள் அழுதாய். நானும் உன்னோடு சேர்ந்து அவனைத் திட்டினேன். அன்றைக்கு அந்த வெப்சைட்டில் ஒரு கோளாறும் இல்லை, பாப்பா. நான் கொடுத்ததைக் கொடுத்தபடி வாங்கிக்கொண்டது. உன் 192.5 கட் ஆஃப் மார்க்குக்குக் குரோம்பேட்டை கிடைத்திருக்கும் என்று கணக்கு சார் பல தடவை சொல்லிவிட்டார். அவர் சொல்லும்போதெல்லாம் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அப்போது அப்பா போய் இரண்டு வருஷம், வீட்டில் நீயும் இல்லாவிட்டால் என்ன செய்வேன் என்று எழுதி அடித்துவிட்டேன். அடித்தது உனக்குத் தெரியும், படித்துக்கொள்வாய். தாளைக் கிழித்துப் போடாமல் ஏன் வைத்திருந்தேன் என்று கேட்காதே. உன் கையெழுத்து இருந்தது.

தம்பி தன் பாஸ்வேர்டை மாற்றிவிட்டான். என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஃபார்ம் நிரப்பும்போது என்னை அந்த நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டுத் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறான்.

ஆடித்தபசுக்கு லீவு கிடைக்குமா என்று கேட்க நினைத்தேன். அது இருக்கட்டும். அந்த ஃபார்மைப் பாதியில் சேவ் பண்ணி வைத்திருக்கிறோம், வெள்ளிக்கிழமை கடைசி நாள். திருநெல்வேலி என்று போடலாமா கூடாதா என்று மட்டும் ஒரு வரி சொல். தம்பிக்குச் சொன்னாலும் சரிதான்.

அம்மா