கேமெல்லியா மலர்க் கண்காட்சி சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். வருஷா வருஷம் மாதிரி இந்த வருஷமும் அறிக்கைய நான்தான் எழுதுறேன், ஒரு விஷயம் மட்டும் நீளமா போயிருக்கும், தயவு செஞ்சு முழுசா படிச்சிருங்க.

பொதுக்குழு ஒரு தடவ நடந்துச்சு. கமிட்டி நாலு தடவ கூப்பிட்டோம், ரெண்டு தடவதான் கூட்டம் நடத்தத் தேவையான ஆள் சேந்துச்சு. ஒட்டுக் கட்டுற பயிற்சிக்கு நல்ல கூட்டம்.

கண்காட்சி நடந்துச்சு. பூமொட்டுக்குப் பக்கத்துல இருக்குற இலைமொட்டக் கிள்ளிட்டு அந்தக் குழியில ஜிப்ரலிக் ஆசிட் ஒரு சொட்டு விட்டுப் பெருசாக்குன பூவுக்குத் தனி மேஜை போட்டதால, போன வருஷம் வந்த தகராறு இந்த வருஷம் வரல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். முந்தின நாள் சாயங்காலம் பூவெல்லாம் கப்புல வைக்கும்போது ஒண்ணுலயும் கறை இல்ல. காலைல தண்ணி மாத்தப் போறேன், வெள்ளை அடுக்குப்பூ ஒண்ணு, மகரந்தமே வெளிய தெரியாம அடுக்கடுக்கா இருந்தது, அதுக்குத்தான் முதல் பரிசுன்னு நெனச்சிட்டிருந்தேன், இதழ்ல துருப்பிடிச்ச மாதிரி பழுப்புப் புள்ளிங்க. பூவத் திருப்பி அடியில இருக்குற பச்சை இதழ உரிச்சுப் பாத்தேன், சுத்தி வெள்ளையா ஒரு வளையம். சாதாரண அழுகல்னா சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், பனியில கருகுனா வளையமே இருக்காது, இது இதழ்க்கருகல் பூஞ்சைதான். அந்தப் பூவ வளத்தவங்க முகத்த என்னால பாக்க முடியல.

இதுக்காகத்தான் ரெண்டு வருஷமா விழுந்த பூ பொறுக்குற திட்டம்னு கத்திட்டிருக்கேன். இந்தப் பூஞ்சை இதழ மட்டும்தான் தாக்கும், இலைக்கும் தண்டுக்கும் ஒண்ணும் ஆகாது, அதனால செடி பச்சப்பசேல்னுதானே இருக்குன்னு எல்லாரும் விட்டுடுறோம். ஆனா விழுந்த பூவுல அது கறுப்பா கெட்டியான கட்டியா மாறி மண்ணுலயே வருஷக்கணக்கா கெடக்கும், பூ பூக்குற நேரம் பாத்து அதுல இருந்து கிண்ணம் மாதிரி குட்டி காளான் மொளைச்சு வித்துத்தூள காத்துல விடும். காத்துக்கு உங்க வேலி எங்க வேலி தெரியாது, நான் என் வீட்ட மட்டும் சுத்தமா வச்சு என்ன பண்றது? மருந்தடிச்சு முழுசா ஒழிக்கவும் முடியாது. விழுந்தத பொறுக்கணும், கம்போஸ்ட் குழியில போடவே கூடாது, செடிக்கடியில மண்ண மூடிப் போட்டிருக்குற பழைய மூடாக்க எடுத்துட்டுப் புதுசா கனமா போடணும், புதுச் செடி வாங்குனா பூமொட்டு எல்லாத்தையும் கிள்ளிட்டு மேல்மண்ண வழிச்செடுத்துட்டு நடணும், அவ்ளோதான்.

பேர் குடுத்தவங்க 18 பேர், வந்தவங்க 5 பேர். மிச்ச வீட்டுக்கு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நானே சாக்கத் தூக்கிட்டுப் போனேன், ரெண்டு மூணு வீட்டுல கேட்டக்கூட தொறக்கல, அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு உள்ள இருந்தே சொல்லிட்டாங்க. செயலாளர் கண்காட்சி வேலைய விட்டுட்டுக் குப்பை பொறுக்கிட்டுத் திரியுறாருன்னு கமிட்டியிலயே பேச்சு வந்துச்சு. கப்பு கழுவுனது, பேர்ச்சீட்டு எழுதுனது, மேஜை பிரிச்சது எல்லாம் யாரு பண்ணதுன்னு அன்னைக்கு ராத்திரி ஹால்ல இருந்தவங்களுக்குத் தெரியும்.

கணக்கப் பொறுத்தவரை வரவும் செலவும் கிட்டத்தட்ட நேராகிடுச்சு, விவரம் வேணும்னா பொருளாளர்கிட்ட பாத்துக்கலாம். சந்தா பாக்கி இன்னும் நெறைய பேர்கிட்ட நிக்குது. மூணு தடவ ஞாபகப்படுத்தியாச்சு, அதுல பரிசு வாங்கிட்டுப் போனவங்களும் இருக்காங்க, அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

தலைவர், பொருளாளர், நடுவர்கள், ஹால் குடுத்தவங்க, வந்த அந்த 5 பேர், எல்லாருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் இந்தப் பொறுப்புல நான் இருப்பேனான்னு இன்னும் முடிவு பண்ணல, யாராவது முன்வந்தா நோட்டையும் சாவியையும் அன்னைக்கே குடுத்துடுறேன். ஆனா யார் செயலாளரா இருந்தாலும் முதல் பூ விழுந்த வாரத்துல இருந்து ஞாயித்துக்கிழமை காலைல நான் சாக்கோட கெளம்பிடுவேன். சாக்கு என்கிட்டயே இருக்கு, நீங்க கையுறை மட்டும் எடுத்துட்டு வாங்க, சந்தா பாக்கி இருந்தா அப்பவே குடுத்துடலாம், ரசீது புக்கும் பையில இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்