எங்க அப்பா அம்மாவுக்கு ஒரே ரூம் குடுங்க: முதியோர் இல்ல நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவுல இருக்கற எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் ராத்திரி நடந்தது உங்களுக்கே தெரியும், "பெண்கள் பகுதியில் ஒழுங்கீனமான நடத்தை"ன்னு லெட்டர் அனுப்பினதே நீங்கதான். 78 வயசு மனுஷன் தன்னோட பொண்டாட்டி கட்டில்ல உக்காந்து கெண்டைக்கால நீவி விட்டுட்டு இருந்தாரு, அவ்ளோதான்.

அம்மாவுக்கு நடுராத்திரியில கால் சுண்டி இழுக்கும். 50 வருஷமா அப்பாதான் எந்திரிச்சு நீவி விடுவாரு. பெல் அடிச்சா நர்ஸ் வருவாங்கன்னு சொல்றீங்க, வருவாங்க, நல்லவங்கதான், ஆனா அம்மா பெல் அடிக்கறதே இல்ல, பல்லக் கடிச்சுக்கிட்டு விடியற வரைக்கும் கிடக்கறாங்க, அந்தப் பக்கம் ஆம்பளைங்க பிளாக்ல அப்பா "இந்நேரம் அவளுக்கு இழுத்திருக்கும்"னு தூங்காம உக்காந்திருக்காரு. அதான் கேக்கறேன், ஒரே ரூம் குடுங்க.

உண்மைய சொல்லிடறேன், லெட்டர் வந்தப்போ எனக்கும் கூச்சமாதான் இருந்துச்சு, "இந்த வயசுல என்னப்பா இது"ன்னு கேட்டுட்டேன். அவர் பதிலே பேசல. அம்மாதான் சொன்னாங்க, கல்யாணமான புதுசுல பெரியவங்க முன்னாடி ரெண்டு பேரும் பேசிக்கவே கூடாதாம். "அப்போ மாமியாருக்குப் பயந்தோம், இப்போ வார்டனுக்கு"ன்னு சிரிக்கறாங்க. எனக்கு சிரிப்பு வரல.

காலம் மாறிடுச்சுன்னு எல்லாரும் சொல்றோம், கல்யாணம் பண்ணாம சேர்ந்து வாழறவங்கள பத்திகூட இப்போ வீட்டுல வச்சு பேச முடியுது, ஆனா நரை விழுந்துட்டா மட்டும் சாமி படம் மாதிரி ஆயிடணுமா? வள்ளுவர் 1330 குறள்ல 250 இன்பத்துக்குன்னே எழுதி வச்சாரு, 60 வயசுக்கு மேல படிக்காதீங்கன்னு எங்கயும் சொல்லல. உங்க ஹால்ல அவர் படம் வேற மாட்டியிருக்கீங்க! 2007ல அமெரிக்கால 57ல இருந்து 85 வயசு வரைக்கும் 3000 பேர்கிட்ட கேட்டு ஒரு ஆய்வு வந்துச்சு, 75 தாண்டினவங்கள்லயே நாலுல ஒருத்தருக்கு தாம்பத்யம் இருக்குன்னாங்க. நீங்க என்னடான்னா தினம் 4ல இருந்து 5 வரைக்கும் ஹால்ல பாத்துக்கலாம்ங்கறீங்க, ஜெயில்ல மனு போட்டு பாக்கற மாதிரி.

கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிச்சுக்கங்க. தயவு செஞ்சு அந்த லெட்டர வாபஸ் வாங்கிட்டு அவங்களுக்கு ஒரே ரூம் குடுங்க, உள்ள தாழ்ப்பாள் வச்ச ரூம். அவசரம்னா நர்ஸ் வெளியில இருந்து சாவி போட்டு திறக்கட்டும், ஆனா கதவ தட்டிட்டு. ரெண்டு கட்டில் போடறதா இருந்தா நடுவுல இடைவெளி விடாதீங்க, அப்பாவுக்கு கை எட்டணும்.