மின்சிகரெட்டில் வருவது இட்லி ஆவி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் தடைசெய்யப்பட்ட மின்சிகரெட் (வேப்) பற்றி உங்கள் நாளிதழில் வரும் செய்திகளை ஒன்று விடாமல் படிக்கிறேன். எத்தனை பேர் பிடிபட்டார்கள், எவ்வளவு அபராதம், சோதனைச்சாவடியில் எத்தனை பெட்டி சிக்கியது, எல்லாம் வருகிறது, வரவும் வேண்டும். ஆனால் அந்தக் கருவிக்குள் என்னதான் நடக்கிறது என்று யாராவது உட்கார்ந்து விளக்கியிருக்கிறார்களா என்று பார்த்தால், அது அரிதாகத்தான் இருக்கிறது. அந்தக் குறையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தீபாவளிக்கு என் தங்கை பேரன் வீட்டுக்கு வந்திருந்தான். 17 வயது. பேச்சுவாக்கில் மின்சிகரெட்டைப் பற்றி நான் ஆரம்பித்ததும், "அது வெறும் ஸ்டீம்தான் தாத்தா, இட்லிப் பானையில வர்ற மாதிரி. அதுக்குப் போய் இவ்ளோ கலாட்டாவா?" என்றான். தான் இழுப்பதில்லை என்று சத்தியம் செய்தான், நம்புகிறேன். எனக்கு உறுத்தியது வேறு. சுற்றி உட்கார்ந்திருந்த பெரியவர்கள் யாரும் அவனை மறுத்துப் பேசவில்லை. அவன் அம்மாவே என்னைப் பார்த்து, "தண்ணிதானே மாமா அது?" என்று கேட்டாள்.

நான் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் 27 வருடம் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தவன். ஹீட்டர், சால்டரிங் அயன், அடுப்புச் சுருள் இவைதான் என் பிழைப்பு. அதனால் இந்தச் சாமான் எப்படிச் சூடாகிறது என்று கேள்விப்பட்ட அன்றே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

இட்லிப் பானையில் தண்ணீர் இருக்கிறவரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. மின்சிகரெட்டில் இருப்பது பெரும்பாலும் புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும். முதலாவது கொதிப்பது 188 டிகிரியில், இரண்டாவது 290 டிகிரியில். இரண்டும் கலந்த திரவம் இவற்றுக்கு இடைப்பட்ட சூட்டில் கொதிக்கும். இவற்றோடு நிக்கோட்டினும் வாசனைப் பொருளும் சேரும். இதையெல்லாம் வாயால் இழுக்கும் அந்த இரண்டு மூன்று வினாடிக்குள் புகையாக்க வேண்டும் என்றால் சுருள் சுமார் 200, 250 டிகிரிக்குப் போயாக வேண்டும். வெளியே வருவதும் நீராவி இல்லை, அந்தத் திரவமே பொடிப்பொடித் துளியாக மிதந்து வருகிறது. வெள்ளையாக இருப்பதால் ஆவி என்று பெயர் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

உள்ளே என்ன இருக்கிறது? கைபேசியில் இருப்பது போன்ற ஒரு லித்தியம் மின்கலம், 3.7 வோல்ட். நாம் இழுக்கும்போது காற்றழுத்தம் குறைவதைக் கண்டுபிடித்து மின்சாரத்தைத் திறந்துவிடும் ஒரு சின்ன உணரி. அப்புறம் ஒரு கம்பிச் சுருள். சுருளைத் தொட்டுக்கொண்டு ஒரு பஞ்சுத் திரி. சுருளின் மின்தடை 1.2 ஓம் என்று வைத்துக்கொண்டால், வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் 11 வாட்டுக்குக் கொஞ்சம் மேலே வரும். என் பழைய சால்டரிங் அயன் 25 வாட். அது ஒரு கட்டி உலோகத்தைச் சூடாக்கி ஈயம் உருக்கும். இங்கே அதில் பாதிக்குச் சற்றுக் குறைந்த சக்தி, நகத்தளவு கம்பியில் இறங்குகிறது. கம்பியும் புதிதில்லை, நிக்குரோம் அல்லது காந்தால். நிக்குரோம் என்றால் நிக்கலும் குரோமியமும், உங்கள் வீட்டு டோஸ்டருக்குள் சிவந்து எரிகிறதே அதே வகை. காந்தால் என்றால் இரும்பு, குரோமியம், அலுமினியம்.

திரியைப் பற்றிச் சொல்ல நம் வீட்டுச் சாமி விளக்கே போதும். எண்ணெய் இருக்கிறவரை திரி நனைந்து நிதானமாக எரியும். எண்ணெய் வற்றினால் திரியே கருகும், வீடெல்லாம் நாறும். மின்சிகரெட்டிலும் அதேதான். திரவம் ஊறி வரும் வேகத்தைவிட ஆள் இழுக்கும் வேகம் அதிகமானாலோ, குப்பியில் திரவம் தீர்ந்துவிட்டாலோ சுருள் காய்ந்துபோய்ச் சூடு மளமளவென்று ஏறும். அப்போது கிளிசரின் உடைந்து அக்ரோலின் உண்டாகும். பெயர் புதிதாக இருக்கலாம், வாடை உங்களுக்குத் தெரிந்ததுதான். வடை சுடும் எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்து புகையும்போது கண் எரிந்து தொண்டை கமறுமே, அதில் இருப்பதும் அக்ரோலின்தான். நாம் அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறப்போம். இவர்கள் அதை நெஞ்சுக்குள் இழுக்கிறார்கள். கூடவே ஃபார்மால்டிஹைடும் வரும், ஆய்வுக்கூடத்தில் உடல் உறுப்புகளைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் அதிலிருந்து செய்வதுதான்.

சரி, சூட்டைக் கட்டுப்படுத்தினால் என்ன என்று பேரன் கேட்டான். நல்ல கேள்வி. அதற்கும் வழி இருக்கிறது. நிக்கல், டைட்டானியம், ஸ்டீல் கம்பிகளில் சூடு ஏற ஏறத் தடையும் ஏறும். அந்த ஏற்றத்தை ஒரு சில்லு அளந்து, இன்ன டிகிரிக்கு மேல் போகாதே என்று மின்சாரத்தைக் குறைக்கும். ஆனால் நிக்குரோம், காந்தால் கம்பிகளில் தடை ஏறக்குறைய அசையவே அசையாது, அதனால் இந்த வித்தை அவற்றில் பலிக்காது. இழுத்துவிட்டுத் தூக்கிப் போடும் மலிவுக் கருவியில் இதையெல்லாம் யார் வைக்கப்போகிறார்கள்? அதில் இழுப்பவரின் நாக்குதான் தெர்மாமீட்டர். கருகிய சுவை வந்தால் நிறுத்துவார், அதற்குள் உள்ளே போனது போனதுதான். சுருளுக்குப் பதிலாகச் செராமிக், வலைத்தகடு என்றெல்லாம் புதுப்புது மாதிரிகள் வந்திருக்கின்றன. சூடு சமமாகப் பரவும், உண்மைதான். அதைப் பாதுகாப்பு என்று விற்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை, எப்படிச் சூடாக்கினாலும் சூடாவது அதே சரக்குதானே.

கம்பியும் சும்மா இருப்பதில்லை. 2018இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 56 பேரின் கருவிகளை வாங்கிச் சோதித்தார்கள். பாட்டிலில் இருந்தபோது திரவத்தில் மிகக் குறைவாக இருந்த ஈயம், நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்கள் சுருளைத் தொட்ட பிறகு அதிகமாகியிருந்தன, புகையிலும் இருந்தன. 27 வருடம் இதே கம்பிகளோடு மல்லுக்கட்டிய எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. திரும்பத் திரும்பச் சூடாகி ஆறும் எந்தச் சுருளும் தேயும்.

இடையில் ஒரு சங்கதி. 2003இல் சீன மருந்தாளர் ஹோன் லிக் வடிவமைத்த கருவியில் திரவத்தைத் துளியாக்கியது சூடு இல்லை, கேளா ஒலி அதிர்வு. சூடாக்கும் சுருள் அப்புறம் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது.

புகையிலையை எரிக்காமல் சூடு மட்டும் பண்ணும் இன்னொரு வகையும் உண்டு. சாதாரண சிகரெட்டின் நுனி கிட்டத்தட்ட 900 டிகிரி, இந்த வகையில் சுமார் 350 டிகிரி. குறைவுதான், ஆனால் நிக்கோட்டின் அப்படியே இருக்கிறது. சிங்கப்பூரில் அதற்கும் தடை.

இப்போது எட்டோமிடேட் விஷயத்துக்கு வருகிறேன். அது அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவர் நரம்பில் அளந்து ஏற்றும் மருந்து. அதைக் குப்பியில் கலந்து கேபாட் என்று விற்கிறார்கள். 2025 செப்டம்பர் 1 அன்று அதைச் சி பிரிவு போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தார்கள். மின்சிகரெட்டுக்கான அபராதத்தையும் 18 வயதுக்குக் கீழ் என்றால் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பெரியவர்களுக்கு 700 வெள்ளி என்று அப்போது உயர்த்தினார்கள். 2018 பிப்ரவரியிலிருந்தே வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றம் என்பது வேறு கதை. என் கவலை என்னவென்றால், அந்தச் சுருளுக்குப் பழ வாசனையும் தெரியாது, மயக்க மருந்தும் தெரியாது, திரியில் எது ஊறி வந்தாலும் சுட்டு அனுப்பும். ஆஸ்பத்திரியில் சொட்டுக் கணக்குப் பார்த்துக் கொடுப்பதை இங்கே ஒரு பையன் தன் மூச்சின் அளவில் எடுத்துக்கொள்கிறான்.

தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அபராதத்தைக் கேட்டு என் பேரன் தோளைக் குலுக்கினான். வடை எண்ணெயைச் சொன்னபோதுதான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்தக் கம்பி எவ்ளோ பெருசு தாத்தா?" என்று கேட்டான். பென்சில் முனையைக் காட்டினேன்.

என் வேண்டுகோள் இதுதான். உங்கள் மாணவர் பக்கத்தில் இந்தக் கருவியின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றைத் தமிழில் பெயர் குறித்துப் போடுங்கள், பக்கத்திலேயே ஒரு குத்துவிளக்குப் படத்தையும் போடுங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து பாட்டி தாத்தாக்களும் பார்ப்போம். மேசையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருப்பது பென்டிரைவா வேறு ஏதாவதா என்று எங்களில் பாதிப் பேருக்கு இன்னும் அடையாளம் தெரியாது. வரைய ஆள் இல்லை என்றால் நானே வரைந்து அனுப்புகிறேன், திரியை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழில்நுட்பர் ஒருவர்,
ஈசூன்