காக்குமாவுக்கு என்னை அனுப்பி வைத்தவர்களுக்கு

அன்புள்ள அக்கா, அண்ணன், தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். நான் ஊர் வந்து சேரவும் பள்ளி திறக்கவும் சரியாக இருந்தது. அட்மிஷன், பாடப்புத்தகம், டைம்டேபிள் என்று ஓடியதில் இந்த மடல் தள்ளிப்போய்விட்டது. போனில் நன்றி சொன்னபோது உங்களில் பாதிப் பேர், "அதெல்லாம் இருக்கட்டும் டீச்சர், நாங்க கொடுத்தது என்ன ஆச்சு, அதைச் சொல்லுங்க" என்றீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பெயர் போடக் கூடாது என்று பலர் கறாராகச் சொல்லிவிட்டதால் யார் பெயரும் இதில் இல்லை. படிக்கும்போது யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரிந்துவிடும்.

கடைசி நேரத்தில் பணம் அனுப்பியவர்களுக்காக ஒரு வார்த்தை. காக்குமா கென்யாவின் வடமேற்கு மூலையில், துர்க்கானா மாவட்டத்தில் இருக்கிற அகதிகள் முகாம். 1992-இல் தொடங்கியது. சூடான் போரில் பெற்றோரை விட்டுப் பிரிந்து, நடந்தே வந்து சேர்ந்த பையன்கள்தான் முதலில் வந்தவர்களில் பெரும்பங்கு. இன்றைக்குப் பக்கத்திலுள்ள கலோபெயே குடியிருப்பையும் சேர்த்தால் மூன்று லட்சம் பேர் அளவுக்கு வசிக்கிறார்கள். தெற்கு சூடான், சோமாலியா, காங்கோ, புருண்டி, எத்தியோப்பியா என்று பல நாட்டுக்காரர்கள். தற்காலிகம் என்று போட்ட முகாமில் பிறந்த பிள்ளைகள் வளர்ந்து, இப்போது அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். முகாமை விட்டு வெளியூர் போக வேண்டுமென்றால் அனுமதிச் சீட்டு வேண்டும். நம் வேலை, அங்கே பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்காக இணையம் இல்லாமலே ஓடும் ஒரு கணினி அறை அமைத்து, அதை நடத்தப்போகிற ஆசிரியர்களுக்குப் பழக்கிக் கொடுப்பது.

முதலில் பழைய லேப்டாப் கொடுத்தவர்களுக்கு. உங்கள் லேப்டாப் காக்குமாவுக்குப் போகவில்லை! கோபித்துக்கொள்ளாதீர்கள். விமானத்தில் கூடுதல் எடைக்குக் கட்டுகிற பணம், லித்தியம் பேட்டரிக்கு உள்ள கட்டுப்பாடு, அங்கே சுங்கத்தில் கேட்கக்கூடிய வரி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், இங்கேயே விற்றுவிட்டு நைரோபியில் வாங்குவதுதான் லாபம் என்று தெரிந்தது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, நான் நினைத்ததைவிட நல்ல விலை போட்டுக் கொடுத்தார். செத்துப்போனது என்று நாங்கள் ஒதுக்கிய இரண்டு மூன்றை உயிர்ப்பித்தும் கொடுத்தார். கூலி கேட்டதற்கு, "டீ வாங்கிக் குடுங்க, போதும்" என்றார். அந்தப் பணத்தில் நைரோபியின் லுத்துலி அவென்யூவில் பழுது பார்த்த லேப்டாப்புகள் வாங்கினோம். அந்தத் தெருவும் ரிச்சி ஸ்ட்ரீட்டும் அண்ணன் தம்பி மாதிரி; பேரம் பேசுவதுகூட ஒரே ராகம்தான். அங்கே வாங்கியதில் இன்னொரு சௌகரியம், ஒன்று மக்கர் பண்ணினால் அந்த ஊர்க்காரர்களே தூக்கிப்போய் மாற்றிக்கொள்ளலாம்.

கணினிச் சாமான் என்று இங்கிருந்து நான் எடுத்துப்போனது, ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவு குட்டிக் கணினிப் பலகைகளும் மெமரி கார்டுகளும்தான். கோலிப்ரி என்ற இலவச மென்பொருளை அதில் ஏற்றிவிட்டால், பாட வீடியோக்களும் பயிற்சிக் கணக்குகளும் அந்தப் பலகையிலேயே உட்கார்ந்துகொள்ளும். வைஃபை அலையைப் பலகையே கொடுக்கும், வெளி இணைப்பு தேவையில்லை. கூடவே, இணையமில்லாமல் படிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருள் வழியாக விக்கிப்பீடியாவும். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து இதையெல்லாம் இறக்கிக் கொடுத்த பெருந்துறை தம்பிகளே, உங்கள் வீட்டு இணையக் கட்டணத்தையாவது வாங்கிக்கொண்டிருக்கலாம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி விஷயத்தில் கிண்டி தங்கச்சியை மறக்க முடியாது. கென்யா போய்த் திரும்புகிறவர்களிடம் அந்தச் சான்றிதழ் இல்லையென்றால் நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும் என்பதால் நாளைத் தள்ளிப்போடவும் வழியில்லை. நான் ஏற்காடு எக்ஸ்பிரஸில் வந்து இறங்குவதற்குள் கிங் இன்ஸ்டிட்யூட்டில் எல்லாவற்றையும் விசாரித்து, பையில் இட்லியோடு வாசலில் நின்றிருந்தாளே, அந்தப் பிள்ளைக்கு என்ன கைம்மாறு செய்வது?

வீட்டைப் பற்றி நிறைய எழுதினால் அத்தைக்குப் பிடிக்காது. "நீ போய்ட்டு வா, பசங்க எங்கயும் ஓடிட மாட்டாங்க" என்று ஒரே வரியில் அனுமதி கொடுத்தவர் அவர். விடுமுறை முழுக்கப் பிள்ளைகளையும் என் வீட்டுக்காரரையும் சமாளித்தது ஒன்றும் சின்ன வேலையில்லை. அட்மிஷன் நேரத்தில் என்னை விடுவித்த தலைமை ஆசிரியைக்கும் என் வகுப்புப் பட்டியலைச் சுமந்த கெமிஸ்ட்ரி டீச்சருக்கும் நன்றி.

நைரோபியில் தங்க இடம் கிடைத்தது ஈரோட்டு ஜவுளிச் சந்தையின் புண்ணியம். அங்கே வியாபாரம் பார்க்கும் குஜராத்தி அண்ணனின் சொந்தக்காரர்கள் நைரோபி பார்க்லேண்ட்ஸில் மூன்று தலைமுறையாக இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பாட்டிக்கும் எனக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. என் ஹிந்தியும் அவர் ஹிந்தியும் ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல. ஆனால் லோட்வார் விமானத்துக்குக் கிளம்பும்போது, நான்கு நாள் வைத்திருந்தாலும் கெடாத தெப்லா என்ற குஜராத்தி சப்பாத்தியைத் துணியில் சுற்றி என் கையில் திணித்தார். லோட்வாரில் இறங்கியதும் அடிக்கிற வெயிலைப் பற்றி ஈரோட்டுக்காரிக்கே சொல்ல வார்த்தை இல்லை. அங்கிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர் சாலையில் போனால் காக்குமா. டிரைவர் அண்ணன் துர்க்கானாக்காரர். முகாமைச் சுற்றி இருக்கிற தன் சனங்களும் வறட்சியில் ஆடு மாடுகளை இழந்து கஷ்டப்படுகிறவர்கள்தான், உதவி என்று வருகிறவர்கள் எங்கள் பக்கமும் திரும்பிப் பார்த்தால் நல்லது என்று வழியில் சொன்னார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்தப் பிள்ளைகளும் வந்து உட்காரலாம் என்பதை அறையின் விதியாகவே எழுதிவைத்திருக்கிறோம்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான நன்றி. அது ஈரோட்டிலோ சென்னையிலோ இருக்கிறவர்களுக்கு அல்ல. என்னைப் போல நாலு வாரம் போய் வருகிறவர்களுக்கு மாலையும் சால்வையும் போடுகிறார்கள். அங்கே பள்ளிக்கூடத்தைத் தூக்கி நிறுத்துவது அகதிகளாகவே இருக்கிற ஆசிரியர்கள். முகாமிலேயே பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, மறுபடி அதே முகாமில் வகுப்பெடுக்க வந்தவர்கள். 2021-இல் வந்த அகதிகள் சட்டம் வேலை உரிமையைப் பற்றிப் பேசினாலும், பணி அனுமதி கைக்கு வருவது அரிது. அதனால் இவர்களுக்குக் கிடைப்பது சம்பளமில்லை, 'இன்சென்டிவ்' என்ற பெயரில் ஒரு தொகை. அதே வேலை பார்க்கும் கென்ய ஆசிரியர் வாங்குவதில் அது சின்னப் பகுதிதான். ரேஷனை நம்பித்தான் வீடு ஓடுகிறது. 2025-இல் உலக உணவுத் திட்டத்துக்கு வரும் நிதி சுருங்கியதும் அந்த ரேஷனும் வெட்டுப்பட்டு, முழு அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது. வகுப்பில் நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருப்பார்கள். நம் ஊரில் நாற்பது பிள்ளைகளுக்கே தொண்டை கட்டிவிட்டது என்று புலம்புகிறேன் நான்.

எங்கள் கணினி அறைக்குப் பொறுப்பாக வந்தது தெற்கு சூடானைச் சேர்ந்த ஒரு பெண், வயது இருபத்தைந்துக்குள்தான் இருக்கும். பள்ளி முடிந்து சாயங்காலம் அறையைத் திறப்பதாக ஏற்பாடு. முதல் வாரம் பார்த்தால் அத்தனை நாற்காலியிலும் பையன்கள். பெண் பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர் ஜன்னலோரம் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இதற்கெல்லாம் எனக்கு ஒரு யோசனையும் வரவில்லை. அவள் விசாரிக்கக்கூட இல்லை, அவளுக்கே தெரியும்: அந்த நேரத்தில் அவர்கள் குழாயடியில் ஜெரிகேனோடு நிற்பார்கள், அப்புறம் அடுப்பு, அப்புறம் தம்பி தங்கைகள். சனிக்கிழமை காலையைப் பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கினாள். வீடு வீடாகப் போய் அம்மாக்களிடம் பேசினாள். "குழந்தையைத் தூக்கிக்கொண்டே வரட்டும்" என்று அறையின் பின்பக்கம் ஒரு பாயை விரித்தாள். அடுத்த சனிக்கிழமை பாய் நிறையக் கைக்குழந்தைகள், நாற்காலி நிறைய அக்காக்கள். ஒரு பிள்ளை இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு ஒரு கையால் தட்டச்சு செய்தது. அவர்கள் விக்கிப்பீடியாவில் முதலில் தேடியது என்ன தெரியுமா? 2016 ரியோ ஒலிம்பிக்கில் அகதிகள் அணியின் கொடியைப் பிடித்து நடந்த ரோஸ் லோகொன்யெனை. அந்த அணியில் இருந்த பத்துப் பேரில் ஐந்து பேர் காக்குமாவில் வளர்ந்த தெற்கு சூடான் இளைஞர்கள். தங்கள் முகாமின் பெயர் திரையில் வந்ததும் அறையே கூச்சல் போட்டது. பாயில் தூங்கிய குழந்தைகள் எழுந்து அழ, அவர்களைச் சமாதானப்படுத்த அரை மணி ஆனது.

திருப்பூர் தோழிக்குத் தனியாக ஒரு கும்பிடு. "வேற என்ன தரது, இதுதான் இருக்கு" என்று கூச்சத்தோடு ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் கொடுத்தாயே, கொண்டுபோனதிலேயே அதிகம் உதவியது அதுதான்! அங்கே புழுதி அடித்தால் எதிரே நிற்கிற ஆள் தெரிய மாட்டார். லேப்டாப் விசிறிக்குள் அந்தப் புழுதி போனால் கதை முடிந்தது. வகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு துண்டு எடுத்துக் கீபோர்டைத் துடைத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்பது இப்போது சட்டம். அதைப் பார்த்த காங்கோ நாட்டுத் தையற்காரர் ஒருவர், கிட்டெங்கே என்ற ஆப்பிரிக்கத் துணியில் லேப்டாப்புக்குப் பூப்போட்ட உறைகள் தைத்துக் கொடுத்தார். அவர் பேசிய கூலிக்கு மேல் ஒரு ஷில்லிங் வாங்கவில்லை.

துணிமணி கொடுக்கிறேன் என்றவர்களிடம் வேண்டாம் என்று சொன்னதில் சிலருக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டேன். முகாமுக்குள்ளேயே துணிக்கடை இருக்கிறது, தைப்பவர்கள் இருக்கிறார்கள். நாம் மூட்டையாகக் கொண்டுபோய் இறக்கினால் அவர்கள் பிழைப்பில்தான் மண் விழும். போட்டோ கேட்டவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை நான் எடுக்கவில்லை. அவர்களில் சிலரைத் தேடிக்கொண்டிருக்கிற ஆட்கள் இன்னும் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கலாம். அறை, சூரியத்தகடு, பூப்போட்ட உறைகள், இவற்றின் படங்கள் இருக்கின்றன. கேட்டால் அனுப்புகிறேன்.

வரவு செலவுக் கணக்கை ரசீதுகளோடு எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். மீதமிருக்கிற தொகையை மாற்று பேட்டரிக்கும் மெமரி கார்டுக்கும், அந்த ஆசிரியையின் மொபைல் டேட்டாவுக்கும் வைத்திருக்கிறோம். வாரம் ஒருமுறை அவர் போனில் சந்தேகம் கேட்கிறார், பெருந்துறை தம்பிகள் பதில் சொல்கிறார்கள். போன வாரம் அவரே ஒரு பலகையைப் புதிதாக நிறுவிவிட்டு, எங்கே தப்பு வரும் என்று தம்பிகளுக்குப் பாடம் எடுத்தாராம்.

கோபி அக்கா, உங்கள் சூட்கேஸ் என் வீட்டில்தான் இருக்கிறது. லோட்வார் விமான நிலையத்தில் ஒரு சக்கரம் கழன்றுவிட்டது. சரிபண்ணக் கொடுத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் கம்ப்யூட்டர் டீச்சர்,
ஈரோடு