காப்பி அடிக்கட்டும், விடு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதத்தில் பாதி முழங்கால் வலி, மீதிப் பாதி பேரன். முழங்காலுக்கு நான் ஒன்றும் செய்வதற்கில்லை. எனக்கே இடது கண்ணில் புரை எடுத்து, இப்போதுதான் சொட்டு மருந்தை நிறுத்தியிருக்கிறார்கள். பேரன் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பேசலாம் என்று தோன்றியது.

மொட்டைமாடியில் தெர்மோகோலை ஒட்டி விண்கலம் செய்கிறான், சமையலறையில் இருந்த அலுமினிய ஃபாயில் எல்லாம் காலி, ப்ளஸ் டூ படிக்கிறவன் செய்கிற வேலையா இது, அதுவும் சொந்தக் கதைகூட இல்லை, ஏதோ இங்கிலீஷ் படத்தை அப்படியே காப்பி அடிக்கிறான் என்று பொரிந்து தள்ளியிருக்கிறாய். மற்றதற்கெல்லாம் நீயாச்சு, உன் மருமகளாச்சு. கடைசிக் குற்றச்சாட்டுக்கு மட்டும் நான் வக்கீலாக வருகிறேன். ஸ்டூடியோவைப் பையனிடம் விட்ட பிறகு பகல் பொழுது நீண்டுவிட்டது. பழைய கேமரா, பழைய ஃபிலிம் என்று எதையாவது படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் என்னைப் பிடித்து உட்கார வைத்தது, சினிமா ரசிகர்கள் கைக்காசைப் போட்டு எடுத்த அறிவியல் புனைகதைப் படங்களின் ஆரம்பகாலக் கதை.

1933இல் லாஸ் ஏஞ்சலிஸில் ரே ஹாரிஹாசன் என்ற பையன் ‘கிங் காங்’ படம் பார்க்கப் போனான். பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். திரையில் வந்த அந்தக் குரங்கு, ஆள் வேஷம் போட்டு ஆடியதல்ல என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. பின்னே எப்படி நடக்கிறது? பொம்மையைத் துளி அசைத்து ஒரு ஃப்ரேம், மறுபடி துளி அசைத்து இன்னொரு ஃப்ரேம் என்று எடுத்தது அது. திரையில் ஒரு விநாடி ஓட இப்படி 24 ஃப்ரேம் வேண்டும். இதைத் தெரிந்துகொண்டதும் வீட்டு கார் ஷெட்டில் வேலை தொடங்கிவிட்டது. குகைக்கரடிக்கு அம்மாவின் பழைய ரோமக் கோட்டு தோலாயிற்று. அப்பா மெஷினிஸ்ட். பொம்மைகளுக்குள் வைக்கும் எலும்புக்கூட்டின் உலோக மூட்டுகளைப் பின்னால் அவரே கடைந்து கொடுத்தார். கேமரா இரவல். ஒரே ஒரு ஃப்ரேம் மட்டும் எடுக்கும் வசதி அதில் கிடையாது. பட்டனைத் தொட்டும் தொடாமலும் தட்ட வேண்டும். ஒன்றும் விழலாம், மூன்றும் விழலாம். இருட்டறையில் எவ்வளவோ ஃபிலிம் கழுவியவன் நான், அந்தப் பையனின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது.

அந்த ஊரில் அப்போது அறிவியல் புனைகதை வாசகர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. வியாழக்கிழமைகளில் கிளிஃப்டன்ஸ் என்ற உணவுவிடுதியின் ஓர் அறையில் கூடுவார்கள். பின்னாளில் பத்திரிகை ஆசிரியரான ஃபாரஸ்ட் ஆக்கர்மன் அங்கேதான் சுற்றிக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் பெரிய எழுத்தாளரான ரே பிராட்பரியும் அங்கே வருவார், அப்போது கையில் காசில்லாத இளைஞர். ஹாரிஹாசனும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார். டைனோசர் பைத்தியம் பிடித்த இரண்டு ரேக்களும் கடைசிவரை நண்பர்களாக இருந்தார்கள். 1953இல் ஹாரிஹாசன் கடலிலிருந்து எழுந்து வரும் ஒரு ராட்சத மிருகத்தைப் படத்துக்காகச் செய்தபோது, அதன் கதைக்கு மூலம் பிராட்பரி எழுதிய சிறுகதை.

அதற்கு முன் நடந்த ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ‘கிங் காங்’ பொம்மைகளை அசைத்த வில்லிஸ் ஓ’பிரையனிடமே தன் டைனோசரைத் தூக்கிக்கொண்டு போனார் ஹாரிஹாசன். அவர் தட்டிக்கொடுத்து அனுப்பவில்லை. காலில் தசை எங்கே இருக்கிறது, முதலில் உடற்கூறு படி என்றார். இவரும் கோபித்துக்கொள்ளாமல் போய்ப் படித்தார். உயிரினங்களின் பரிணாமத்தைப் பற்றி ஒரு பெரிய படம் எடுக்க ஆரம்பித்து, 1940இல் டிஸ்னியின் ‘ஃபான்டேசியா’வில் அதே டைனோசர் சமாச்சாரம் வந்துவிட்டதைப் பார்த்ததும் மூட்டை கட்டி வைத்துவிட்டார். ஆனால் அரைகுறையாகக் கிடந்த அந்தத் துண்டுகளைக் காட்டித்தான் ஜார்ஜ் பாலின் பொம்மைப்பட ஸ்டூடியோவில் வேலை வாங்கினார். அப்புறம் ‘மைட்டி ஜோ யங்’ படத்தில் ஓ’பிரையனுக்கே உதவியாளர். படம் வெளிவந்தது 1949இல்.

காப்பி அடிக்கிறவர்களில் இரண்டு சாதி உண்டு, சுந்தரம். படத்தில் வந்ததை நாமும் செய்து காட்டி நாலு பேரிடம் பெயர் வாங்கலாம் என்பவன் ஒருத்தன். இதை எப்படிச் செய்தார்கள் என்று தெரியாமல் தூக்கம் வராதவன் இன்னொருத்தன். இரண்டாவது ஆள் காப்பி அடித்தே தொழிலைக் கற்றுக்கொண்டுவிடுவான். உன் பேரன் எந்தச் சாதி என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார். இங்கிருந்தபடி நான் எப்படிச் சொல்வது?

இதற்கெல்லாம் அடியில் ஃபிலிம் விலை என்ற ஒன்று இருக்கிறது. கோடக் 1923இல் 16 மில்லிமீட்டர் ஃபிலிமைக் கொண்டுவந்த பிறகுதான் வீட்டு மனிதர்கள் படம் எடுப்பது நடக்கிற காரியமானது. அதுவும் வசதியுள்ளவர்களுக்குத்தான். 1932இல், அமெரிக்காவே வேலையில்லாமல் திண்டாடிய காலத்தில், 8 மில்லிமீட்டர் வந்தது. நல்ல தந்திரம் அது. 25 அடிச் சுருள், அகலம் என்னவோ 16தான். பாதி அகலத்தில் படம் எடுத்து முடித்ததும் சுருளைத் திருப்பிப் போட்டு மறுபாதியில் எடுக்க வேண்டும். லேபில் கழுவி, நடுவில் கிழித்து, நீளமாக ஒட்டித் தருவார்கள். இதில் நெகட்டிவ் என்று தனியாகக் கிடையாது. கேமராவில் ஓடியதே ப்ரொஜெக்டரிலும் ஓடும். கைவிட்டுப் போனால் போனதுதான்.

அப்படிப் போன ஒன்றுதான் ‘ஃபயர்லைட்’. அரிசோனாவில் ஃபீனிக்ஸ் நகரத்துப் பள்ளிக்கூடப் பையன், 17 வயது, பெயர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். வானத்திலிருந்து வரும் விநோத ஒளிகள், காணாமல் போகும் மனிதர்கள் என்று 8 மில்லிமீட்டரில் இரண்டே கால் மணி நேரத்துக்கு ஒரு படம்! பேச்சைப் பிறகு பதிந்து சேர்த்தார்கள். செலவு சுமார் 500 டாலர். 1964 மார்ச் 24 அன்று ஊரிலிருந்த நாடக அரங்கில் டிக்கெட் போட்டுக் காட்டினார்கள். கணக்குப் பார்த்தால் லாபம் ஒரு டாலர். பின்னாளில் வேலை தேடும்போது மாதிரிக்கென்று கொடுத்த ரீல்கள் திரும்பவே இல்லை, சில நிமிடங்கள்தான் மிச்சம். சினிமா வரலாற்றுக்காரர்கள் இதைப் பெரிய இழப்பு என்கிறார்கள். இரண்டே கால் மணி நேரத்தையும் நம்மால் உட்கார்ந்து பார்த்திருக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஆனால் அதே ஒளிகள், அதே பயம், 1977இல் ‘க்ளோஸ் என்கவுன்டர்ஸ்’ படத்தில் பெரிய பட்ஜெட்டோடு திரும்பி வந்தன. தன்னையே காப்பி அடித்தார் என்று வைத்துக்கொள்ளேன்.

அந்தக் காலத்துப் பையன்களுக்கு வாத்தியார் என்று யாரும் இல்லை, பத்திரிகைகள்தான் இருந்தன. மேலே சொன்ன ஆக்கர்மன் 1958இல் ‘ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ்’ இதழுக்கு ஆசிரியரானார். பூதங்களும் டைனோசர்களுமாக வந்த அந்த இதழில் வாசகர்கள் எடுத்த படங்களுக்கும் இடம் கொடுத்தார். டொனால்ட் கிளட் என்பவர் 1953இல் தொடங்கி 1969க்குள் 41 குட்டிப் படங்கள் எடுத்துத் தள்ளினார், டைனோசரிலிருந்து ஸ்பைடர்மேன் வரை. டென்னிஸ் மியூரன் தன் கூட்டாளிகளோடு சில ஆயிரம் டாலரில் ‘ஈக்வினாக்ஸ்’ எடுத்தார். பின்னால் ‘ஸ்டார் வார்ஸ்’ விண்கலங்களைப் பறக்கவிட்ட குழுவில் அவரும் ஒருவர். 1965இல் சூப்பர் 8 என்ற புது ஃபிலிம் வந்தது. 50 அடி கார்ட்ரிட்ஜ், கேமராவுக்குள் தள்ளினால் போதும், மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே எடுக்கலாம். சுலபம்தான், ஆனால் ஓடிய ஃபிலிமைப் பின்னால் சுற்றி அதன்மேலேயே இன்னொரு காட்சியைப் பதிவது இதில் பெரும்பாடு. ஆவி, மாயம், மறைவது எல்லாம் அந்த இரட்டைப் பதிவில்தான் இருந்தது. பால்டிமோரில் டான் டோலர் 1972இல் தொடங்கிய ‘சினிமேஜிக்’ இதழ் இப்படிப்பட்ட தலைவலிகளுக்கு வழி சொல்வதற்கென்றே வந்தது. வீட்டில் கிடக்கும் சாமானை வைத்து மாடல் செய்வது எப்படி என்பதுதான் அதன் சரக்கு.

வீட்டுச் சாமான் என்றதும் ‘ஹார்ட்வேர் வார்ஸ்’ ஞாபகம் வருகிறது. ‘ஸ்டார் வார்ஸ்’ வந்த மறு வருஷம், 1978இல், எர்னி ஃபாசீலியஸ் எடுத்த கிண்டல் படம். பதின்மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இஸ்திரிப் பெட்டியும் ரொட்டி டோஸ்டரும் விண்வெளியில் சண்டை போடுகின்றன. ரோபோவாக ஒரு வாக்யூம் கிளீனர். வெடித்துச் சிதறும் கிரகம் ஒரு கூடைப்பந்து. இளவரசியின் கொண்டை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பன். கட்டித் தொங்கவிட்ட கயிறுகூடத் தெரிகிறது, மறைக்க யாரும் மெனக்கெடவில்லை. என்னைக் கேட்டால் ரசிகர் படங்களில் இதுதான் உத்தமம். பணம் இல்லை என்பதையே நகைச்சுவையாக்கிவிட்டான் மனுஷன். ‘ஸ்டார் வார்ஸ்’ எடுத்த ஜார்ஜ் லூகாஸுக்கே பிடித்துப்போனது.

ஜப்பான் கதையைச் சொல்லாமல் முடித்தால் பாவம். 1981 ஆகஸ்டில் ஒசாகாவில் அறிவியல் புனைகதை ரசிகர் மாநாடு. திறப்பு விழாவில் போட ஒரு கார்ட்டூன் படம் வேண்டும் என்று ஹிதேயாகி அன்னோ, ஹிரோயுகி யாமகா, தகாமி அகாய் என்ற மூன்று கல்லூரி மாணவர்களைப் பிடித்தார்கள். கார்ட்டூன் வரையும் ஷீட் யானை விலை. அதனால் தொழிற்சாலை வினைல் சுருளை மொத்த விலையில் வாங்கி வெட்டிக்கொண்டார்கள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பெயின்ட் உரியும், அதிலேயே வரைந்தார்கள். கதை இவ்வளவுதான்: புத்தகப் பையோடு போகும் ஒரு சின்னப் பெண்ணின் கையில் ஒரு டம்ளர் தண்ணீர். அவள் போய் ஒரு முள்ளங்கிக்கு அதை ஊற்ற வேண்டும். வழியில் உலகத்து ராட்சதர்கள், ரோபோக்கள் எல்லாம் வந்து மறிக்கிறார்கள். எல்லாரையும் அடித்துப் போட்டுவிட்டு ஊற்றுகிறாள், முள்ளங்கி விண்கலமாகிறது, ஏறிப் போகிறாள். கோடுகள் நடுங்குகின்றன, நிறம் குதிக்கிறது. ஆனாலும் அந்தப் பெண் தண்ணீர் சிந்தாமல் ஓடுகிற ஓட்டத்தில் ஒரு வெறி இருக்கிறது பார், சம்பளத்துக்கு வரைகிறவனுக்கு வராது அது.

இரண்டு வருஷம் கழித்து அடுத்த மாநாட்டுக்கு இன்னும் பெரிதாக ஒன்று செய்தார்கள். பின்னணிக்குப் போட்ட ஆங்கிலப் பாட்டுக்கு உரிமை வாங்கவில்லை, அதனால் முறையாகக் கடையில் விற்க முடியாத படமாகவே அது நின்றுபோனது. அதே 1983இல் அன்னோ ஓர் அல்ட்ராமேன் படமும் எடுத்தார். அல்ட்ராமேன் என்பவன் ஜப்பான் டிவியில் ராட்சதர்களோடு சண்டை போடும் நாயகன், முழு முகமூடியில் வருவான். இதில் அன்னோ தானே அல்ட்ராமேன், முகமூடி கிடையாது, மூக்குக் கண்ணாடியோடு சொந்த முகம். சுற்றிலும் காகிதத்தில் செய்த நகரம். முதலில் சிரிப்பு வரும். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி மறந்துபோய் நீயும் கதைக்குள் போய்விடுவாய். காமிராவை எவ்வளவு தாழ்த்தினால் காகிதக் கட்டடம் கட்டடமாகத் தெரியும் என்பது அந்த ஆளுக்கு அத்துப்படி. 1984 கடைசியில் இந்தக் கூட்டம் கெய்னாக்ஸ் என்ற கார்ட்டூன் பட கம்பெனி ஆயிற்று. 2022இல் உண்மையான அல்ட்ராமேன் சினிமா எடுத்தபோது அதன் கதாசிரியர் யார் என்கிறாய்? அதே அன்னோதான்.

பெயர் வந்தவர்களை மட்டும் பொறுக்கிச் சொல்கிறேன் என்று நீ நினைப்பாய், நினைக்கவும் வேண்டும். படம் எடுத்த பையன்களில் பெரும்பாலானவர்கள் பாங்கிலும் பள்ளிக்கூடத்திலும் வேலைக்குப் போனார்கள், ரீல்கள் பரணில் பூத்துப்போயின. போகட்டுமே. அவர்களும் ஒரு வருஷம் சந்தோஷமாகத்தானே இருந்தார்கள்? பரீட்சை நெருங்குகிறது என்ற உன் கவலை நியாயம். அதற்கு மாடிக் கதவைப் பூட்டாதே. மார்ச் முடியட்டும், ஏப்ரலில் எடு என்று தேதி பேசு. தேதி கொடுத்தால் பையன்கள் கேட்பார்கள், பூட்டினால் பக்கத்து வீட்டு மாடிக்குப் போவார்கள்.

அவனிடம் என் சார்பில் மூன்று விஷயம் சொல். விண்கலத்தைக் கண் மட்டத்துக்குக் கீழே வைத்து எடுக்க வேண்டாம், கேமராவைத் தரையோடு தரையாக இறக்கினால்தான் கனம் தெரியும். உச்சி வெயிலில் எடுக்க வேண்டாம், தெர்மோகோல் பல்லிளிக்கும். எடுத்ததைப் போனில் மட்டும் வைக்காமல் வேறு இரண்டு இடத்திலும் போட்டு வைக்கச் சொல். ஸ்டூடியோவில் ஒரு கனமான பழைய ட்ரைபாட் சும்மா கிடக்கிறது. கால் ஒன்று லேசாக ஆடும், ஸ்க்ரூவை இறுக்கினால் நிற்கும். மூத்தவன் அடுத்த வாரம் திருநெல்வேலி வருகிறான், கொடுத்து விடுகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு யாரையாவது அனுப்பு, நீ முழங்காலோடு வராதே.

இங்கே வீட்டில் எல்லாரும் சுகம். சின்னவளுக்கு வரன் பார்க்கிறோம், தெரிந்த இடம் இருந்தால் எழுது. குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்ததும் சொல்லு, கிளம்பி வருகிறேன்.

அன்புடன்,
ராமு