தாய்மார் இருக்கும்போதே: மரபணு ஆய்வுக்குச் செல்லும் மாணவிக்கு ஒரு திறந்த கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

மனித ஜீனோமின், அதாவது எங்கள் டி.என்.ஏ. முழுவதன், வேறுபாடுகளைப் பற்றிக் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்ய உமக்கு இடம் கிடைத்திருக்கிறது என்ற செய்தி, கிளிநொச்சியில் உம்மைப் படிப்பித்த எங்கள் எல்லோருக்கும் பெருமகிழ்ச்சி தந்தது. எந்தத் தலைப்பைத் தெரிவுசெய்யலாம் என்று கேட்டிருந்தீர். தனிக் கடிதமாகவே பதில் எழுதியிருக்கலாம். ஆனால் வன்னியில், போரில் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்களையும் சேர்ந்த விடயம் இது என்பதால், எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

2008 இல் தொடங்கி 2015 இல் நிறைவுற்ற ஆயிரம் ஜீனோம் திட்டம், 26 மக்கட்கூட்டங்களைச் சேர்ந்த 2504 பேருடைய டி.என்.ஏ.யை வாசித்து, ஏறத்தாழ 8 கோடி 80 இலட்சம் வேறுபாடுகளைப் பட்டியலிட்டது உமக்குத் தெரியும். அந்த 26 கூட்டங்களுள் இலங்கைத் தமிழரும் ஒன்று. மாதிரி கொடுத்தவர்களோ பிரித்தானியாவில் வாழ்பவர்கள். அவர்கள் மனமுவந்து கொடுத்த இரத்தத்தால்தான் இன்று உலகின் எந்த மூலையிலுள்ள ஆய்வாளரும் எங்கள் தரவைத் தன் கணினியில் இறக்கிப் பார்க்க முடிகிறது. அந்த உதவி பெரிது. ஆனாலும் அத்திட்டம் மாதிரி கொடுத்தவர்களின் நோய் விபரங்களைத் திரட்டவில்லை. ஒரே பெயருக்குள் அடங்கும் ஊர்களின் வேறுபாட்டையும் அந்தப் பட்டியல் சொல்லாது. வன்னியையே எடுத்துக்கொள்ளும். முல்லைத்தீவின் பழைய குளத்தடி ஊர்களில் தலைமுறைகளாக இருப்பவர்கள், குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள், 1990 இல் வெளியேற்றப்பட்டுப் பின்னர் மீண்டுவந்த முஸ்லிம் குடும்பங்கள் என்று பலரும் இங்கே இருக்கிறார்கள். பாட்டன் பாட்டி நால்வரும் எந்த ஊர் என்று கேட்காமல் எடுக்கும் மாதிரிக்கு வன்னி மாதிரி என்று பெயரிட முடியாது.

செங்குருதிக் கலங்களைக் காக்கும் ஜி6பிடி நொதியத்தின் குறைபாட்டை ஆராயலாமா என்று கேட்டிருந்தீர். நல்ல தலைப்புத்தான். தொண்ணூறுகளில் நாங்கள் இடம்பெயர்ந்து கொட்டில்களில் இருந்தபோது மலேரியா எல்லா வீடுகளுக்கும் வந்துபோனது. மலேரியாவுக்கான பிறிமாகுயின் குளிசை எடுத்த அயல்வீட்டுச் சிறுவன் ஒருவனுக்குச் சில நாட்களில் சிறுநீர் தேயிலைச் சாயம்போலக் கறுத்து, கண் மஞ்சளாகி, நடக்கவும் முடியாமற் போனது. அந்த நொதியம் குறைந்தவர்களின் செங்குருதிக் கலங்களை இக்குளிசை உடைக்கும்; அவனுக்கு அது குறைவாக இருந்ததா என்று பார்க்க அன்று வசதி இருக்கவில்லை. 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்ட பின்னரும், மலேரியா நெடுங்காலம் இருந்த இடங்களில் அந்த நோயிலிருந்து ஓரளவு காப்பதாலேயே பெருகிய இவ்வேறுபாடு மக்களின் இரத்தத்தில் இருந்துகொண்டுதான் இருக்கும். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அது கடத்தப்படும் என்பதால், பத்து வருடம் கழித்தும் அதனை ஆராயலாம். நான் சொல்லப்போகும் வேலைக்கு அந்த அவகாசம் இல்லை.

அமெரிக்க மரபணு ஆய்வாளர் மேரி-கிளேர் கிங்கின் ஆய்வு வாழ்வை நீர் ஆழ்ந்து படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கணிதம் படித்துவிட்டுப் பிறப்புரிமையியலுக்கு வந்தவர் அவர். மனிதருக்கும் சிம்பன்சிக்கும் இடையே புரத அளவிலுள்ள நெருக்கத்தை 1975 இல் ஆலன் வில்சனுடன் சேர்ந்து எடுத்துக்காட்டினார். 1990 இல், 146 மார்புப் புற்றுநோயாளர்களைக் கொண்ட 23 குடும்பங்களை ஆராய்ந்து, பரம்பரையாக வரும் அந்நோய்க்குக் காரணமான பரம்பரையலகு ஒன்று 17 ஆம் நிறமூர்த்தத்தில் இருப்பதை நிறுவினார். உலகம் அவரை அதிகம் அறிந்தது இதனால்தான். இவ்விரண்டுக்கும் நடுவே, 1984 இல், அவர் ஆர்ஜென்ரீனாவுக்குச் சென்றார். இராணுவ ஆட்சியில் காணாமலாக்கப்பட்டவர்களின் குழந்தைகள் வேறு வீடுகளில் வளர்ந்துகொண்டிருந்தார்கள். பெற்றோர் உயிருடன் இல்லாதபோது, பாட்டன் பாட்டியின் இரத்தத்தை மட்டும் வைத்து ஒரு பிள்ளை யாருடைய பேரப்பிள்ளை என்று சொல்ல முடியுமா என்பதே அக்குழந்தைகளைத் தேடிய பாட்டிமாரின் கேள்வி. முடியும் என்பதற்கான கணக்கை அவரும் சக ஆய்வாளர்களும் செய்து கொடுத்தார்கள். தாய்வழியே மட்டும் கடத்தப்படும் இழைமணி டி.என்.ஏ.யை அவர் பின்னர் பயன்படுத்தியபோது, தாயின் தாய் ஒருவரே ஒப்பிடுவதற்குப் போதுமானவரானார். 1987 இல் அந்நாடு சட்டத்தின் மூலம் தேசிய மரபணுத் தரவு வங்கி ஒன்றை உருவாக்கியது. பேரப்பிள்ளை கண்டுபிடிக்கப்படும் நாளில் தாங்கள் உயிருடன் இல்லாவிட்டாலும், தங்கள் இரத்தம் சாட்சி சொல்லும் என்ற உறுதி அந்த மூதாட்டிகளுக்கு அதனால் கிடைத்தது. இதுவரை 130 க்கு மேற்பட்ட பேரப்பிள்ளைகள் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள்.

இனி எங்கள் நிலையைப் பாரும். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தாய்மார் தொடங்கிய போராட்டத்தை நீர் பாடசாலைக்குப் போகும் வழியில் பார்த்திருப்பீர். அவர்களுள் ஒருவர் தம் மடியிலிருந்த சொப்பிங் பையை எனக்குத் திறந்து காட்டினார். லமினேற் செய்த படம், பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்தின் அட்டை, ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த மனுக்களின் பிரதிகள் எல்லாம் மடிப்புக் கிழியாமல் ஒழுங்காக இருந்தன. மகன் உயிருடன் வருவான் என்று அவர் உறுதியாக நம்புகிறார். அந்த நம்பிக்கையைக் கேள்வி கேட்கும் உரிமை எனக்கோ உமக்கோ இல்லை. ஆயினும் 2023 ஜூனில் முல்லைத்தீவின் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்க மண் வெட்டியபோது எலும்புகள் வெளிவந்து, அகழ்வின் முடிவில் 50 க்கு மேற்பட்டோரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. அப்படி எடுக்கப்படும் ஓர் எலும்பு யாருடையது என்று கேட்கும் இடத்தில் அந்தப் பையிலுள்ள கடதாசிகள் உதவப்போவதில்லை. அங்கே தேவைப்படுவது அந்தத் தாயின் கன்னத்தின் உட்புறத்திலிருந்து பஞ்சால் எடுக்கும் ஒரு மாதிரி. போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து எத்தனையோ பெற்றோர் பிள்ளையின் முடிவு தெரியாமலே இறந்துபோனார்கள்.

சகோதரரின் மாதிரி இருக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் ஜீனோமின் ஒவ்வோர் இடத்திலும் எங்களுக்குள்ள இரு பிரதிகளுள் ஒன்று பெற்றோர் ஒருவருக்கும் பிள்ளைக்கும் பொதுவாக இருக்கும். சகோதரருக்கிடையே ஓரிடத்தில் ஒன்றுமே பொதுவாக இல்லாமலும் போகலாம். வெப்பத்திலும் ஈரத்திலும் கிடந்து சிதைந்த எலும்பிலிருந்து பாதித் தரவே கிடைக்கும்போது இந்த வித்தியாசம் பெரிதாகிவிடும். குடும்பமாக ஒரே பங்கருக்குள் இறந்தவர்களுக்கு ஒப்பிட ஆளே மிஞ்சியிருக்காது. உமது படிப்பு நேரடியாகத் தேவைப்படுவது பொருத்தத்தின் வலிமையைக் கணிக்கும் இடத்தில்தான். எலும்பிலும் தாயிலும் காணப்படும் ஒரு வேறுபாடு அந்த மக்களிடையே எவ்வளவு அரிதோ அவ்வளவுக்குச் சான்று வலிமை பெறும் என்பதால், எந்த வேறுபாடு எத்தனை பேரில் இருக்கிறது என்று வேறெங்கோ தயாரித்த அட்டவணையை வைத்து இங்கே கணக்குப் பார்ப்பது ஆபத்தானது. அதிலும் மச்சான் மச்சாள் கலியாணம் வழமையாக இருந்த ஊர்களில், முதல் மச்சான் மச்சாளுக்குப் பிறக்கும் பிள்ளையின் ஜீனோமில் சராசரியாகப் பதினாறில் ஒரு பங்கு இடங்களில் இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவையாக இருக்கும். இதனைக் கணக்கில் எடுக்காவிட்டால், அயல்வீட்டு உறவினரின் எலும்பைத் தன் பிள்ளையினுடையது என்று ஒரு தாயிடம் கொடுத்துவிட நேரும். வன்னிக்கென்று இந்த அட்டவணையைத் தயாரித்து, உறவுமுறைத் திருமணத்துக்கேற்பக் கணிப்பைத் திருத்துவதையே உமது ஆய்வாக எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறேன்.

மக்கள் இலகுவில் மாதிரி கொடுக்கமாட்டார்கள். அவர்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவின் ஹவசுபாய் பழங்குடியினர் நீரிழிவு ஆய்வுக்கென்று கொடுத்த இரத்தத்தை, அவர்கள் அறியாமல் மனநோய், மூதாதையரின் இடப்பெயர்வு பற்றிய ஆய்வுகளுக்கும் பயன்படுத்தினார்கள். வழக்காடி, 2010 இல் இழப்பீட்டுடன் தங்கள் இரத்தமாதிரிகளையும் அம்மக்கள் திரும்பப் பெற்றார்கள். பல வருடங்கள் சோதனைச்சாவடிகளில் விபரம் பதிந்து பதிந்து களைத்துப்போன எங்கள் சனங்களிடம், தேடுவதற்காக எடுத்த மாதிரி கண்காணிப்புக்கோ வேறு ஆய்வுக்கோ போகாது என்பதை வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. மாதிரி எங்கே இருக்கும், திறப்பு யார் கையில் இருக்கும், வேண்டாம் என்று சொன்னால் எப்படி அழிக்கப்படும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும்.

ஆவணி விடுமுறைக்கு வரும்போது சம்மதப் படிவத்தின் தமிழ் வரைவைக் கொண்டுவாரும். சனசமூக நிலையத்தில் பெற்றோரைக் கூட்டி வாசித்துக் காட்டலாம். கண் தெரியாதவர்களுக்காக இருமுறை வாசிப்போம். இதைப் பற்றி முதலில் பேச்செடுத்தபோது ஒரு தாய் என்னிடம் கேட்டது இது: "பொருந்தினால் முதலில் ஆருக்குச் சொல்லுவினம், எங்களுக்கா, அவைக்கா?" அதற்கான பதில் படிவத்தின் முதல் பந்தியிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உமது உயிரியல் ஆசிரியர்,
கிளிநொச்சி